மூளையின் குருதிக்குழாய்களைக் காட்டிய மோனிஸ்

கொட்டியாரக் குடாவின் மறுகரையில், திருகோணமலையில் கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயரை மூதூர் மக்கள் வரலாற்றின் வாயிலாக நன்கறிவர். அந்நாட்டில் பிறந்து மருத்துவத்தில் தடம் பதித்த அன்டோனியோ ஈகாஸ் மோனிஸை எம்மில் பலர் அறியார். மூளையின் குருதிக்குழாய்களைப் படம்பிடிக்கும் பரிசோதனை அவரிடமிருந்தே தொடங்குகின்றது. கதிர்வீச்சுப் பற்றிய ஒரு கசப்பான பாடமும் அதனோடு சேர்ந்தே வருகின்றது.

1874ஆம் ஆண்டு அவன்கா என்னும் கிராமத்தில் பிறந்த மோனிஸ், கொயிம்பிராவில் மருத்துவம் கற்று, 1911இல் லிஸ்பனில் நரம்பியல் பேராசிரியரானார். அரசியலிலும் ஈடுபட்டு, 1918இல் தமது நாட்டின் வெளிநாட்டு அமைச்சராகப் பணியாற்றினார். அவரது பெரும் மருத்துவச் சாதனை ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நிகழ்ந்தது.

அக்காலத்து எக்ஸ்-கதிர்ப் படங்களில் மண்டையோடு தெரியும். மூளையோ அதன் குருதிக்குழாய்களோ தெரியா. கதிரை மறிக்கும் திரவமொன்றைக் கழுத்து நாடியில் செலுத்தினால் குழாய்கள் புலப்படும் என மோனிஸ் கருதினார். கீல்வாதத்தால் அவரது கைகள் முடங்கியிருந்தமையால் அல்மெய்தா லிமா என்ற இளம் மருத்துவர் துணைநின்றார். தொடக்க முயற்சிகளில் ஒரு நோயாளி உயிரிழந்தார். திரவத்தை மாற்றி, அயடீன் சேர்ந்த உப்புக் கரைசலைக் கொண்டு 1927 ஜூனில் அவர் வெற்றி கண்டார்.

ஆனால் 1931 முதல் தோரியம் கலந்த 'தோரோட்ராஸ்ட்' என்னும் திரவத்தை அவர் கையாண்டார். படங்கள் மிகத் தெளிவாக வந்தன. நோயாளிக்கு உடனடி வேதனையும் குறைவு. எனினும் அது கதிரியக்கப் பொருள். ஐயுறவுகள் எழுந்தபோதிலும் பல நாடுகளில் 1950கள் வரை அது பயன்பட்டது. உடலை விட்டு நீங்காது ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கிய அப்பொருள், பல்லாண்டுகள் கழித்து ஈரல் புற்றுநோயையும் குருதிப் புற்றுநோயையும் பலருக்குத் தந்தது. 1949இல் மோனிஸ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதுவும் இப்பணிக்கன்றி, பின்னர் பெரும் கண்டனத்துக்குள்ளான மூளை அறுவைச் சிகிச்சைக்கே வழங்கப்பட்டது. 1955இல் அவர் காலமானார்.

தெளிவான படம் கிடைத்துவிட்டது என்பதால் அதற்காகக் கொடுத்த விலை சிறிது என்றாகிவிடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எம்மவர் கண்ட உண்மை. இன்று தோரியம் இல்லை. அயடீன் திரவங்களே பயன்படுகின்றன. ஆயினும் எக்ஸ்-கதிர் தொடர்கின்றது. கதிரை இடைவிட்டுச் செலுத்துதல், தேவையான பகுதிக்கு மட்டும் ஒடுக்குதல், படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தல் ஆகியவற்றால் அதன் அளவைப் பெரிதும் தணிக்கலாம். சிலருக்கு எக்ஸ்-கதிரே வேண்டாத காந்த அதிர்வு ஸ்கேன் போதுமானதாகலாம்.

பக்கவாதமோ மூளைக் குருதிக் கசிவோ ஏற்பட்டு மூதூரிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் ஒருவர், கதிருக்கு அஞ்சி அவசியமான பரிசோதனையை மறுத்தல் கூடாது; தாமதமே அங்கு பெரிய ஆபத்து. முன்னர் எடுத்த ஸ்கேன்களையும், கர்ப்பம், சிறுநீரக நோய், ஒவ்வாமை ஆகியவற்றையும் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். நோயாளியின் உடல் வைத்தியரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். தேவைக்கு மேல் ஒரு துளிக் கதிரும் அதன்மீது படாதிருக்கச் செய்வதே அதனைப் பேணும் வழி என நாம் கருதுகின்றோம்.