ஐஸ் ஹவுஸில் உருவான டீச்சர்கள்: யார் இந்த சிஸ்டர் சுப்பலட்சுமி?

சென்னை மெரினா பக்கம் போனவங்க அந்தக் கட்டடத்தைப் பார்க்காம வந்திருக்க முடியாது. கடற்கரைச் சாலையில், முன்பக்கம் வட்டமாக வளைந்து நிற்கும் விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்க 19-ம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதனால்தான் அந்த ஏரியாவுக்கே ஐஸ் ஹவுஸ்னு பேர். 1897-ல் விவேகானந்தர் இங்கே தங்கினார். இந்த ரெண்டு கதையும் பலருக்குத் தெரியும்.

மூணாவது ஒரு கதை இருக்கு. தலை மழிக்கப்பட்டு, வீட்டு மூலையில் உட்கார வைக்கப்பட்ட சிறுமிகள், இதே கட்டடத்தில் தங்கிப் படித்து டீச்சர்களாக வெளியே போன கதை. அதற்குக் காரணமானவர் சகோதரி சுப்பலட்சுமி.

கல்யாணம் முடிந்தது, வாழ்க்கையும் முடிந்ததா?

1886 ஆகஸ்ட் 18-ம் தேதி மயிலாப்பூரில் பிறந்தார் சுப்பலட்சுமி. அப்பா சுப்பிரமணிய ஐயர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். படிப்பில் படு கெட்டிக்காரி. ஆனா அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம் நடந்தது. கொஞ்ச காலத்திலேயே கணவர் இறந்துபோனார்.

அன்றைய பிராமணக் குடும்பங்களில் இதுக்கு அப்புறம் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தலையை மழிப்பார்கள். நல்ல புடவை, நகை, பண்டிகை எதுவும் கிடையாது. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எதிரே வந்தால் அபசகுனம் என்பார்கள். பத்து, பதினொரு வயசுக் குழந்தைக்கும் இதே விதிதான்.

சுப்பலட்சுமியின் பெற்றோர் இதற்குச் சம்மதிக்கவில்லை. மகளுக்கு மொட்டை போட மறுத்து, படிக்க வைத்தார்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் அவர் சேர்ந்தார். குடும்பம், குழந்தை இல்லாமலேயே அந்தப் பெண்கள் முழு வாழ்க்கையையும் பள்ளிக்காகக் கொடுத்ததை அங்கே பக்கத்தில் இருந்து பார்த்தார். மதம் மாறாமலேயே அதே மாதிரி வாழ முடியும் என்று முடிவெடுத்தார். பிற்காலத்தில் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட 'சிஸ்டர்' அந்த முடிவுக்குப் பொருத்தமான பட்டம்.

1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்துப் பெண் இவர்தான்.

ஒரே கல்லில் ரெண்டு பிரச்னை

அப்போ பெண் கல்வியில் ஒரு பெரிய முடிச்சு இருந்தது. ஆண் வாத்தியார் இருக்கும் பள்ளிக்குப் பெண் குழந்தைகளை அனுப்பப் பல பெற்றோர் தயங்கினார்கள். பெண் டீச்சர் வேணும். ஆனா பெண்கள் படித்தால்தானே டீச்சர் கிடைப்பாங்க? படிக்கத் தொடங்குற வயசுலேயே கல்யாணம் ஆகிவிடும். கல்யாணமான பெண்ணைக் குடும்பம் வேலைக்கு அனுப்பாது.

இன்னொரு பக்கம், எந்த எதிர்காலமும் இல்லாமல் ஆயிரக்கணக்கான இளம் கைம்பெண்கள் வீடுகளுக்குள் முடங்கிக் கிடந்தார்கள். இந்த ரெண்டையும் இணைத்துப் பார்த்ததுதான் சுப்பலட்சுமியின் சாமர்த்தியம். ஒதுக்கப்பட்ட பெண்ணை டீச்சராக்கினால் அவளுக்குச் சொந்தக் காலில் நிற்க ஒரு வருமானம். பள்ளிக்கு ஒரு ஆசிரியை.

பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் இதில் கைகொடுத்தார். 1912-ல் சாரதா மகளிர் சங்கம் தொடங்கியது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெண்களோடு எழும்பூரில் விடுதி ஆரம்பமானது. வீட்டு நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டது, தானும் கைம்பெண்ணான சித்தி வாலாம்பாள். பெண்கள் எண்ணிக்கை கூடக் கூட இடம் போதவில்லை. கடைசியில் கடலைப் பார்த்தபடி நின்ற ஐஸ் ஹவுஸுக்கு விடுதி மாறியது. 1914-ல் தொடங்கிய ராணி மேரி கல்லூரியும் அதே கடற்கரைச் சாலையில்தான். பள்ளி முடித்த பெண்கள் அடுத்த படிப்புக்கு நடந்தே போகலாம்.

படிச்சா மட்டும் போதுமா?

நல்லா படித்தவர் எல்லாம் நல்ல டீச்சராகிவிட மாட்டார். சொல்லிக்கொடுப்பதையும் கத்துக்கணும். 1922-ல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு முதல் முதல்வர் சுப்பலட்சுமி.

பட்டதாரிகளுக்கு ஒரு பயிற்சி, நடுநிலை வகுப்புகளுக்கான ஆசிரியர்களுக்கு ஒன்று, தொடக்கப் பள்ளிக்கு ஒன்று என மூன்று நிலைகள் அங்கே இருந்தன. முக்கியமான விஷயம், கல்லூரியோடு சேர்ந்தே ஒரு மாதிரிப் பள்ளியும் இயங்கியது. வகுப்பறை எப்படி இருக்கும் என்று புத்தகத்தில் படிப்பதோடு நிற்காமல், நிஜக் குழந்தைகள் முன்னால் நின்று பாடம் நடத்திப் பழக வேண்டும். நாலு பேர் எதிரே வரவே கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, நாற்பது குழந்தைகள் முன்னால் குரல் உயர்த்திப் பேசுவது எவ்வளவு பெரிய தாண்டல் என்று யோசித்துப் பாருங்கள்.

பக்கத்து மீனவக் குப்பத்துக் குழந்தைகளுக்காகவும் அவர் பள்ளி நடத்தினார். வயது கூடியதால் விடுதியில் சேர முடியாத கைம்பெண்களுக்காக 1927-ல் சாரதா வித்யாலயா உருவானது. பின்னாளில் அது ராமகிருஷ்ணா மிஷனின் பொறுப்புக்குப் போனது.

உறுத்தும் ஒரு விஷயம்

ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமானது. சாதி ஆசாரத்துக்குப் பங்கம் வராது என்று நம்பினால்தான் அந்தக் குடும்பங்கள் பெண்களை வெளியே அனுப்பும் என்பது அன்றைய கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. ஆனா கதவுக்கு வெளியே நின்ற பெண்களுக்கு அதனால் பயனில்லை. 1930-களின் தொடக்கத்தில், விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட பெண்களுக்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. சுப்பலட்சுமியின் சாதனையைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.

ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை

அரசு ஊழியர் என்பதால் அரசியல் மேடைகளுக்கு அவர் போக முடியாது. ஆனாலும் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். 1942-ல், அதாவது 56 வயதில், மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். தாம்பரம் அருகே மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான நல மையத்தையும் அமைத்தார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர். 1958-ல் பத்மஸ்ரீ. 1969 டிசம்பர் 20-ம் தேதி காலமானார்.

லேடி வெலிங்டன் பெயரில் அன்று தொடங்கிய ஆசிரியர் பயிற்சி இன்னைக்கும் அதே கடற்கரைச் சாலையில் நடக்கிறது. அடுத்த முறை மெரினா போகும்போது, சுண்டல் வாங்கிக்கொண்டு அந்த வட்டக் கட்டடத்தை ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்க. வாசல்படி தாண்டக் கூடாது என்று சொல்லப்பட்ட பெண்கள், டீச்சராக இறங்கி வந்த படிகள் அவை.