கேபிளின் கணக்கை எழுதியவர்: ஆலிவர் ஹெவிசைட்

பாய்மரப் படகுகளில் வானொலிக் கருவி பொருத்துவது என் தொழில். ஆன்டெனா பாய்மரத்தின் உச்சியில் இருக்கும். கருவி கீழே மாலுமியின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். இரண்டையும் இணைப்பது ஒரு கேபிள். கடையில் நான்கைந்து வகைக் கேபிள்கள் கிடைக்கும். எதை வாங்குவது என்று முடிவு செய்ய உதவும் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், 16 வயதில் பள்ளியை விட்ட ஓர் ஆங்கிலேயரிடம் போய் நிற்போம். அவர்தான் ஆலிவர் ஹெவிசைட்.

1850 மே 18ஆம் தேதி லண்டனின் கேம்டன் டவுன் பகுதியில் அவர் பிறந்தார். தந்தை மரத்தில் படம் செதுக்கும் தொழிலாளி. வீட்டில் வறுமை. சிறு வயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சல் அவருடைய செவித்திறனைக் குறைத்துவிட்டது. மற்ற பிள்ளைகளோடு பழக முடியாமல் தனிமையில் வளர்ந்தார். பள்ளியை விட்ட பிறகு வீட்டிலிருந்தபடி தாமே படித்தார். தந்தி ஆராய்ச்சியில் புகழ்பெற்ற சார்ல்ஸ் வீட்ஸ்டன், அவருடைய தாயாரின் சகோதரியை மணந்தவர். அந்த உறவின் வழியாகத் தந்தித் துறை அவருக்கு அறிமுகமானது.

1868இல் டென்மார்க்கில் தந்தி இயக்குநராகச் சேர்ந்தார். பிறகு இங்கிலாந்தின் நியூகாசலில் பணிபுரிந்தார். கடலடிக் கேபிளில் அனுப்பும் குறிகள் ஏன் மறுமுனையில் மங்கி, ஒன்றோடொன்று கலந்து வருகின்றன என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. 1873இல் வெளியான மேக்ஸ்வெல்லின் மின்காந்தவியல் நூல் கைக்குக் கிடைத்தபோது, அதைப் புரிந்துகொள்ளப் போதிய கணிதம் அவரிடம் இல்லை. ஆனாலும் அவர் நூலை மூடி வைக்கவில்லை. 1874இல், 24 வயதில், வேலையை விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டில் அமர்ந்து படித்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவர் எந்த நிரந்தர வேலைக்கும் போகவில்லை.

அந்தப் படிப்பின் பலனை இன்று நீங்கள் இயற்பியல் வகுப்பில் பார்க்கிறீர்கள். மேக்ஸ்வெல் 20 சமன்பாடுகளாக எழுதியதை, வெக்டர் முறையில் நான்காகச் சுருக்கியவர்களில் முதன்மையானவர் ஹெவிசைட்.

1880இல் அவர் ஒரு காப்புரிமை பெற்றார். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிக் காப்புப் பொருள், அதற்கு மேல் குழாய் போன்ற இன்னொரு கடத்தி. இதுதான் கோஆக்சியல் கேபிள். அருகருகே செல்லும் தொலைபேசிக் கம்பிகளில் ஒன்றின் பேச்சு மற்றொன்றில் கேட்பதைத் தடுப்பதே அப்போது அவர் நோக்கம். இன்று அலுமினியப் பாய்மரத்துக்குள், விளக்குக் கம்பிகளுக்கும் காற்றுமானிக் கம்பிகளுக்கும் பக்கத்திலேயே ஆன்டெனா கேபிளை நான் இறக்க முடிவதற்குக் காரணம் இந்த அமைப்புதான். அலை உள்கம்பிக்கும் வெளிக்கடத்திக்கும் இடையிலேயே பயணம் செய்கிறது.

ஆனால் கேபிளில் போகும் சக்தி முழுதாகப் போய்ச் சேராது. படகின் விஎச்எஃப் வானொலி அதிக அளவாக 25 வாட் சக்தியில் இயங்கும். 20 மீட்டர் நீளத்துக்கு ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளைப் போட்டால், ஆன்டெனாவுக்கு ஏறக்குறைய 10 வாட்தான் போகும். தடிமனான ஆர்ஜி-213 போட்டால் சுமார் 16 வாட் போகும். ஆன்டெனாவைத் தாழ்வாக வைத்துக் கேபிளைக் குறைக்கலாமே என்று கேட்கலாம். விஎச்எஃப் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வது. 15 மீட்டர் உயரத்திலிருந்து அதன் அடிவானம் சுமார் 16 கிலோமீட்டர். 3 மீட்டர் உயரத்தில் வெறும் 7 கிலோமீட்டர். ஆகவே உயரமும் வேண்டும், நல்ல கேபிளும் வேண்டும். ஆபத்து நேரத்தில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்கும் குரல் அடுத்த கப்பலை எட்டுமா என்பதை இந்தக் கணக்கும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

கருவி, கேபிள், ஆன்டெனா மூன்றும் 50 ஓம் மின்மறுப்பில் பொருந்தவேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய சக்தியில் ஒரு பகுதி திரும்பி வரும். அந்த மின்மறுப்புக்கு இம்பீடன்ஸ் என்று 1886இல் பெயர் வைத்தவரும் ஹெவிசைட்தான்.

நீண்ட தொலைபேசிக் கம்பியில் மின்தூண்டலைக் கூட்டினால் பேச்சு சிதையாமல் போகும் என்று 1887இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் மூத்த மின் அதிகாரி வில்லியம் பிரீஸ் அதை ஏற்கவில்லை. ஹெவிசைட் தம் சகோதரர் ஆர்தருடன் எழுதிய கட்டுரையும் அவரால் தடைபட்டது. பிறகு அமெரிக்காவில் மைக்கேல் பூப்பின் 1900இல் அதே கருத்தின் அடிப்படையில் காப்புரிமை பெற்றுப் பெரும் பணம் ஈட்டினார். முதலில் கணக்குப் போட்டவருக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை.

1891இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1896 முதல் ஆண்டுக்கு 120 பவுண்டு அரசு உதவித்தொகையும் கிடைத்தது. 1902இல், வானின் மேலடுக்கில் வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கலாம் என்று எழுதினார். அமெரிக்காவில் ஆர்தர் கென்னலியும் அதே ஆண்டில் தனியாக அதைச் சொன்னார். நடுக்கடலில் செல்லும் படகுகளின் சிற்றலை வானொலி நெடுந்தூரம் எட்டுவது அப்படிப்பட்ட படலங்களால்தான். 1924ஆம் ஆண்டின் இறுதியில் எட்வர்ட் ஆப்பிள்டன் அதைச் சோதனையில் உறுதிப்படுத்தினார். சில வாரங்களில், 1925 பிப்ரவரி 3ஆம் தேதி, ஹெவிசைட் டார்க்கீ நகரில் காலமானார்.

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கும் மாணவர்கள் சிலர் என்னிடம் பயிற்சிக்கு வருவதுண்டு. விலையைப் பார்ப்பதற்கு முன், கேபிள் அட்டவணையில் 156 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணுக்கான இழப்பைப் பார்க்கச் சொல்வேன். படகுக்குத் தேவையான நீளத்தால் அதைப் பெருக்கட்டும். விடை 3 டெசிபலைத் தாண்டினால் பாதிச் சக்திக்கு மேல் கேபிளிலேயே போய்விடும். அடுத்த தடிமனுக்குப் போகவேண்டும். இரண்டு நிமிடக் கணக்குதான். அதன் அடிப்படையை ஒரு மனிதர் பட்டமும் சம்பளமும் இல்லாமல், வீட்டு அறையில் பல ஆண்டுகள் உட்கார்ந்து எழுதி வைத்துப் போயிருக்கிறார்.