புறாக் கூண்டின் முன் ஓர் அறிஞர்: டேனியல் லெர்மன்

தாயன்பு எங்கே பிறக்கிறது? நெஞ்சில் என்பர் கவிஞர். குருதியில் ஓடும் ஹார்மோனில் என்றனர் சென்ற நூற்றாண்டின் உடலியலார் சிலர். பிறவியிலேயே எழுதி வைக்கப்பட்டது என்றனர் இயல்பூக்கக் கொள்கையினர். இவ்வினாவைப் புறாக் கூண்டின் முன் பல்லாண்டுகள் அமர்ந்து ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் டேனியல் லெர்மன். விலங்கு நடத்தையியல் என்றவுடன் லாரன்சும் டின்பர்கனும் நம் நினைவுக்கு வருகின்றனர். அவ்விருவரையும் தம் கொள்கைகளை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்த லெர்மனும் அவர்களுக்கு இணையாக வைத்துப் பேசப்பட வேண்டியவர் என்பது என் கருத்து.

லெர்மன் 1919 ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். வானளாவிய கட்டடங்களுக்கிடையே வளர்ந்த அந்தச் சிறுவனைப் பறவைகள் கவர்ந்துவிட்டன. பள்ளிப் பருவத்திலேயே அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கிங்ஸ்லி நோபிள் என்னும் விலங்கியலாரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பின்னர் அங்கே டி. சி. ஷ்னீர்லா என்ற எறும்பு ஆய்வாளரின் சிந்தனை அவரைப் பற்றிக்கொண்டது. இடையில் உலகப் போர் மூண்டது. படையில் பணியாற்றித் திரும்பி, 1946 இல் பட்டம் பெற்றார். பறவைகளைப் பார்க்கும் பழக்கம் மட்டும் இறுதிவரை அவரை விடவில்லை. ஆய்வகத்தில் கருவிகளோடு மட்டும் பழகியவர்க்கு வாய்க்காத பொறுமை அவரிடம் இருந்ததற்கு இதுவே காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

அவர் தேர்ந்தெடுத்த உயிர் வளையப்புறா. கழுத்தின் பின்புறம் கருநிற வளையம் கொண்டது. நம் ஊர்க் கள்ளிப்புறாவுக்கு நெருங்கிய உறவு. இப்பறவையில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே கூடு கட்டுகின்றன. இரண்டு முட்டைகளையும் முறைவைத்து அடைகாக்கின்றன. நண்பகலை ஒட்டிய சில மணி நேரம் ஆண் அமரும். மற்றைய நேரம் முழுதும் பெண்ணின் பொறுப்பு. பதினான்கு நாளில் குஞ்சு பொரிக்கும்போது தாய் தந்தை இருவரின் தீனிப்பைச் சுவரும் தடித்து, பால் போன்ற ஒரு பொருள் ஊறியிருக்கும். அதையே கக்கிக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. பாலூட்டாத இனத்தில் பால், அதுவும் தந்தையின் தொண்டையில்! இயற்கையின் இந்த விந்தையை 18 ஆம் நூற்றாண்டிலேயே ஜான் ஹண்டர் விவரித்திருக்கிறார்.

இந்தப் பாலை ஊறச் செய்வது எது? மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வரும் ஒரு ஹார்மோன்தான் என்று 1930களின் தொடக்கத்தில் ஆஸ்கர் ரிடில் என்பவரும் அவருடைய துணைவர்களும் கண்டனர். அதற்குப் புரோலாக்டின் என்று பெயரிட்டவரும் ரிடிலே. பின்னர் எலிகளுக்கு அதைச் செலுத்திப் பார்த்து, தாய்மை உணர்வையே தூண்டும் பொருள் இது என்று அவர் கருதினார். செய்தித்தாள்களுக்குக் கேட்கவா வேண்டும்? தாயன்பைக் குப்பியில் அடைத்துவிட்டதாகவே பலர் நம்பினர்.

லெர்மன் இந்த முடிவை ஊன்றிப் பார்த்தார். இதற்கு முன்பே, 1953 இல், லாரன்சின் இயல்பூக்கக் கொள்கையை எதிர்த்து நீண்டதொரு திறனாய்வை அவர் வெளியிட்டிருந்தார். அப்போது அவர் முனைவர் பட்டம் கூடப் பெறவில்லை! ஒரு செயலைப் பிறவியில் வந்தது என்று சொல்லிவிட்டால், அது எப்படி உருவாகிறது என்ற ஆராய்ச்சியின் கதவு அடைபட்டுவிடும் என்பது அவருடைய வாதம். லாரன்ஸ் 1940 இல் ஜெர்மன் மொழியில் எழுதியவற்றையும் அவர் படித்திருந்தார். வளர்ப்பு விலங்குகள் தரம் குன்றுவதைக் காட்டி, நாஜிகளின் இனத் திருமணத் தடைக்கு அவை அறிவியல் சாயம் பூசியதை மறைக்காமல் எடுத்துக்காட்டினார். பிறவிக் குணம் என்ற சொல் ஆய்வகத்தைக் கடந்து எங்கெல்லாம் செல்லக்கூடும் என்பதைக் கண்கூடாகக் கண்ட தலைமுறை அது. ஆயினும் அவருடைய எதிர்ப்பில் பகைமை இல்லை. டின்பர்கன் அவருக்கு நண்பரானார்; திறனாய்வின் பெரும்பகுதியை ஏற்றும் கொண்டார். லாரன்சோ 1965 இல் ஒரு நூலே எழுதி மறுமொழி கூற வேண்டியதாயிற்று.

1955 இல் வெளிவந்த ஆய்வே எனக்கு மிகவும் பிடித்தமானது. முன்னர்க் குஞ்சு வளர்த்த புறாக்களைத் தனித்தனியே அடைத்து வைத்தார் லெர்மன். அவற்றுக்கு ஒரு வாரம் புரோலாக்டின் ஊசி போட்டு, பின் பசித்த குஞ்சு ஒன்றைக் கூண்டில் விட்டார். 12 புறாக்களில் 10 குஞ்சுக்கு ஊட்டின. ஊசி போடாதவற்றில் ஒன்றும் ஊட்டவில்லை. இதுவரை ரிடிலின் கட்சிதான் வென்றது. ஆனால் குஞ்சே வளர்த்தறியாத புறாக்களுக்கு அதே ஊசியைப் போட்டபோது? தீனிப்பை பாலால் நிறைந்தது, குஞ்சு எதிரே நின்று வாய் திறந்தது, புறா ஊட்டவில்லை. ஹார்மோன் இருந்தது, பால் இருந்தது; பழக்கம் இல்லை. வேறு சில புறாக்களில் தீனிப்பையை மரத்துப்போகச் செய்தபோது ஊட்டுவது குறைந்தது. தீனிப்பையின் நிறைவுணர்வே பறவையைக் குஞ்சின்பால் செலுத்துகிறது என்று அவர் விளக்கினார்.

பின்னர் வினாவைத் தலைகீழாகத் திருப்பினார். ஹார்மோன் நடத்தையை மாற்றுகிறது. நடத்தை ஹார்மோனை மாற்றுமா? பெண் புறாவை ஆணிடமிருந்து கண்ணாடித் தடுப்பால் பிரித்து வைத்தனர். ஆண் தலை தாழ்த்திக் கூவிக் காதல் காட்டுவதைப் பார்த்த அளவிலேயே பெண்ணின் அண்டகம் வளர்ந்தது. தடுப்புக்கு அப்பால் விரை நீக்கப்பட்ட ஆணை வைத்தபோது அவ்வளவு வளர்ச்சி இல்லை. அடைகாப்புத் தொடங்கிய பின் ஆணைக் கண்ணாடிக்கு அப்பால் ஒதுக்கினாலும், துணை முட்டைமேல் அமர்ந்திருப்பதைக் காணும் வரையில் அதன் தீனிப்பை வளர்ந்தது. கண் வழியே சென்ற காட்சி மூளையைத் தொட்டு, பிட்யூட்டரியைத் தூண்டி, தொண்டையில் பாலாக ஊறுகிறது. இதைப் படித்த அன்று, அண்டகத்தையும் பிட்யூட்டரியையும் வெவ்வேறு பாடங்களாகப் படித்துவந்த எனக்கு அவை ஒரே பாடமாகத் தெரிந்தன.

1959 இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நுவர்க் வளாகத்தில் விலங்கு நடத்தை ஆய்வு நிறுவனத்தை லெர்மன் நிறுவினார். அங்கே அவருடன் பணியாற்றிய ஜே ரோசன்பிளாட் 1967 இல் ஒரு வியப்பைக் கண்டார். ஈன்றறியாத எலிகளோடு, ஏன், ஆண் எலிகளோடும் கூட, குட்டிகளைத் தொடர்ந்து விட்டுவைத்தால், ஒரு வார அளவில் அவை குட்டிகளைக் கவ்விக் கொணர்ந்து பேணத் தொடங்கின. இதற்கு ஹார்மோன் தேவைப்படவில்லை.

1970 இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் லெர்மனை உறுப்பினராக்கியது. 1972 ஆகஸ்டில், 53 ஆம் அகவையில், அவர் திடீரென மறைந்தார். அடுத்த ஆண்டு லாரன்சும் டின்பர்கனும் வான் ஃபிரிஷும் நோபல் பரிசு பெற்றனர்.

அவர் காலத்தில் மூளைக்குள் நுழைந்து பார்க்கும் வழிகள் குறைவு. பின்வந்தோர் நுழைந்தனர். 1990 இல் ராபர்ட் பிரிட்ஜஸ் குழுவினர் எலிகளின் ஹைபோதலாமசில் பார்வை நரம்புச் சந்திக்கு முன்னுள்ள பகுதியில் புரோலாக்டினைச் செலுத்தினர். பிற ஹார்மோன்களால் முன்னரே ஆயத்தமாக்கப்பட்ட அவ்வெலிகள் விரைவில் தாய்மை காட்டின. மறு ஆண்டு புறாக்களிலும் மூளைக்குள் செலுத்திய புரோலாக்டின் குஞ்சு பேணலைத் தூண்டியது. எனவே தீனிப்பையின் நிறைவுணர்வு மட்டுமே காரணம் என்ற லெர்மனின் விளக்கம் திருத்தம் பெற்றது. கருவுற்ற சுண்டெலியின் மூளையில் மோப்பத்துக்குரிய புதிய நரம்பணுக்கள் தோன்றப் புரோலாக்டின் உதவுகிறது என்று 2003 இல் அறியப்பட்டது. 2017 இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் அந்தச் சிறு மூளைப் பகுதியில் மட்டும் புரோலாக்டின் ஏற்பிகளை நீக்கினர். அச்சுண்டெலிகள் ஈன்ற பின் தம் குட்டிகளைக் கைவிட்டுவிட்டன.

ரிடில் வென்றுவிட்டாரா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஈன்ற எலி சிறிது நேரம் குட்டிகளோடு இருந்து, பின் அவற்றைப் பிரிந்து, அந்த ஹார்மோன் நிலை மாறி வாரங்கள் கழிந்த பின்னும், புதிய குட்டிகளைக் கண்டால் ஈன்றறியாத எலியைவிட விரைவில் அவற்றை அணைத்துக்கொள்கிறது. 1955 இல், முன்னர்க் குஞ்சு வளர்த்த அந்தப் பத்துப் புறாக்கள் ஊட்டியதும் இவ்வாறுதான்.