காணியும் நீரும் கண்ட டி.எஸ். சேனாநாயக்க: ஊவாத் தோட்டங்களிலிருந்து ஒரு பார்வை

பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் ஊற்றெடுத்து, இங்கினியாகலையில் அணையால் மறிக்கப்பட்டு, கல்முனைக்குத் தெற்கே கடலில் கலக்கும் ஆறு கல்லோயா. அந்த அணையால் உருவான நீர்த்தேக்கம் இலங்கையின் முதற் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்கவின் பெயரால் சேனாநாயக்க சமுத்திரம் என அழைக்கப்படுகின்றது. நாட்டின் காணி, நீர், வனம் ஆகிய வளங்கள் தொடர்பான கொள்கையை வகுத்தோருள் முதன்மையானவர் அவரே. ஆற்றின் தலைப்பிலும் கடைமடையிலும் வாழும் தமிழ் பேசும் மக்கள் அவரது வாழ்வை மீள நோக்குவது பயனுடையதாகும்.

1883இல் போத்தலை என்னும் கிராமத்தில் பிறந்த சேனாநாயக்க, கொழும்பு முகத்துவாரத்தில் அந்நாளில் இயங்கிய சென். தோமஸ் கல்லூரியிற் பயின்றார். பின்னர் நில அளவைத் திணைக்களத்தில் எழுதுவினைஞராகவும் அதன்பின் குடும்பத்தின் றப்பர் தோட்டத்திலும் பணியாற்றினார். 1915ஆம் ஆண்டின் சிங்கள-முஸ்லிம் கலவரத்தையடுத்துப் பிரகடனப்படுத்தப்பட்ட இராணுவச் சட்டத்தின் கீழ் தம் சகோதரர்களுடன் சிறைவைக்கப்பட்டார். 1924இல் சட்டநிரூபண சபைக்கும் 1931இல் அரசாங்க சபைக்கும் தெரிவாகி, விவசாய, காணி அமைச்சரானார்.

1840ஆம் ஆண்டின் சட்டம், உரிமைச் சான்று காட்ட முடியாத நிலங்களை முடிக்குரிய காணிகளாக்கிப் பெருந்தோட்டங்களுக்கு வழிதிறந்திருந்தது. எஞ்சிய காணியையாவது குடியானவர்களுக்கென ஒதுக்க வேண்டும் என்பதே சேனாநாயக்கவின் முதல் நோக்கமாயிற்று. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் அதன் விளைவாகும். கைவிடப்பட்டிருந்த குளங்களைத் திருத்தி மின்னேரியா போன்ற உலர் வலயப் பகுதிகளில் மக்களைக் குடியேற்றினார். 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் அவர் அமைச்சராயிருந்த காலத்திலும், 1951இன் மண் பாதுகாப்புச் சட்டம் அவர் பிரதமராயிருந்த காலத்திலும் நிறைவேறின. வளங்களைப் பேணுவதில் அவருக்கிருந்த தூரநோக்கை மறுப்பதற்கில்லை.

ஆயினும் அந்த வளங்கள் யாருக்குரியவை என்ற வினாவுக்கு அவர் அளித்த விடை மலையகத் தமிழரை வெளியே நிறுத்தியது. 1946இல் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டம் கிராம விஸ்தரிப்புக்காகச் சுவீகரிக்கப்பட்டு, அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் வெளியேறுமாறு பணிக்கப்பட்டபோது தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. 1947இல் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேட்பாளர் எஸ்.எம். சுப்பையாவைப் பாராளுமன்றம் அனுப்பியது. மறு ஆண்டே, சேனாநாயக்க அரசின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் சுமார் 7 இலட்சம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை. குடியுரிமையற்றவர்களுக்குக் குடியேற்றக் காணியும் எட்டாக்கனியாயிற்று.

கல்லோயாத் திட்டம் ஆரம்பமானதும் அதே 1949இல்தான். சம்மாந்துறை, கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளின் தமிழ், முஸ்லிம் விவசாயிகளின் வயல்களுக்கும் அதன் நீர் பாய்ந்தது. ஆனால் புதிய குடியேற்றங்களிற் பெரும்பாலானவை சிங்களக் குடும்பங்களுக்கே கிடைத்தன. அதனால் எழுந்த அச்சமும் கசப்பும் 1956இல் கல்லோயாவில் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்செயல்களால் மேலும் ஆழமாயின. அதைக் காண சேனாநாயக்க உயிரோடிருக்கவில்லை. காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து, 1952 மார்ச் 22ஆம் திகதி அவர் காலமானார்.

ஆற்றின் தலைப்பக்கத்து மலைகளிலோ, பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களின் தொழிலாளர்கள் தமக்கெனக் காணித்துண்டின்றி லயன் அறைகளிலேயே வாழ்ந்தனர். நாடற்ற நிலையைத் தீர்க்கும் இறுதிச் சட்டம் 2003இலேயே வந்தது. காணியின்மையோ அத்துடன் தீரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் உரியவாறு மாற்றிடத்தில் குடியமர்த்தப்படவில்லை. 2025 நவம்பரில் திட்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பேரிழப்பைச் சந்தித்தது.

மலைச்சரிவில் மண் கரைந்தால் கீழே நீர்த்தேக்கத்தில் வண்டல் சேரும். மலையில் வாழ்வோருக்குப் பாதுகாப்பான காணி வழங்குவதும் கடைமடை வயல்களுக்கு நீர் உறுதிசெய்வதும் ஒரே கொள்கையின் இரு பாகங்களாகும். குடியானவனுக்குக் காணி வேண்டும் என்று சேனாநாயக்க கண்ட உண்மை சரியானதே. அவர் அதிலிருந்து விலக்கிவைத்த மக்களுக்கும் அதே உண்மையை விரிப்பதே இன்றைய சட்டவாக்கிகளின், குறிப்பாக ஊவாவிலிருந்து பாராளுமன்றம் செல்வோரின், தலையாய கடமையாகும்.