மகனுக்காக டயர் செய்த மாட்டு வைத்தியர்

அயர்லாந்து நாட்டில் பெல்பாஸ்ட் என்று ஒரு நகரம். அங்கே ஜானி என்று ஒரு பையன் இருந்தான். வயது பத்து இருக்கும். அவனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. ஆனால் அதை ஓட்டுவது அவனுக்குப் பெரும் தொல்லையாக இருந்தது.

காரணம், சக்கரம். அந்தக் காலத்துச் சைக்கிளில் காற்று கிடையாது. சக்கரத்தைச் சுற்றிக் கெட்டியான ரப்பர் பட்டை போட்டிருக்கும். பெல்பாஸ்ட் தெருக்களிலோ கல் பாவியிருக்கும். கல்லின் மேல் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் பையனின் உடம்பு தூக்கிப் போடும். வண்டி குலுங்குகிறது என்று அவன் அப்பாவிடம் முறையிட்டான்.

அப்பா சக்கரத்தைப் பார்த்தார். யோசித்தார். அந்த யோசனையில் பிறந்ததுதான் இன்று உலகம் முழுவதும் ஓடும் காற்று டயர்.

அந்த அப்பாவின் பெயர் ஜான் பாய்ட் டன்லப். டயரின் பக்கவாட்டில் பெயரைப் படித்திருப்பீர்கள். அவர் என்ஜினீயர் அல்ல. ஆலை முதலாளியும் அல்ல. குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்தவர்!

குறைமாதக் குழந்தை

டன்லப் 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி ஸ்காட்லாந்தில் டிரெகான் என்ற கிராமத்தில் பிறந்தார். குடியானவக் குடும்பம். அவர் குறைமாதத்தில் பிறந்ததாகவும், எப்போதும் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அந்தப் பேச்சு அவர் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. தாம் நோஞ்சான் என்றே ஆயுள் முழுவதும் நம்பினார். ஆனால் பெரிய வியாதி எதுவும் அவரை அண்டவில்லை. இது ஒரு வேடிக்கைதான்.

எடின்பரோவில் கால்நடை வைத்தியம் படித்தார். 19 வயதிலேயே தேறினார். 1867-ல் அயர்லாந்துக்குக் குடிபோனார். 1871-ல் மார்கரெட் என்ற பெண்ணை மணந்தார். ஒரு பெண், ஒரு பிள்ளை. பெல்பாஸ்டில் அவர் நடத்திய கால்நடை வைத்தியசாலை அயர்லாந்திலேயே பெரியவற்றில் ஒன்றாக வளர்ந்தது.

தொழில் காரணமாக அவருக்கு ரப்பரைக் கையாளத் தெரியும். கல் ரோட்டில் வண்டி இழுத்து இழுத்துக் குதிரைகள் படும் பாடும் தெரியும். இந்த இரண்டும் பின்னால் உதவின.

முற்றத்தில் ஒரு சோதனை

1887-ம் ஆண்டு அக்டோபர் மாதம். டன்லப் ஒரு வட்டமான மரப் பலகையை எடுத்தார். மெல்லிய ரப்பர் தகட்டைக் குழாயாக ஒட்டினார். அதைப் பலகையின் விளிம்பைச் சுற்றி வைத்து, மேலே துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக் காற்றடித்தார்.

பிறகு மகனின் சைக்கிளில் இருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றினார். முற்றத்தின் ஒரு மூலையில் நின்று அதை உருட்டிவிட்டார். அது பாதி வழியில் தள்ளாடி விழுந்தது. அடுத்து, காற்றடைத்த மரச் சக்கரத்தை உருட்டினார். அது முற்றம் முழுவதையும் கடந்து ஓடி, எதிரே இருந்த கம்பத்தில் மோதித் திரும்பியது!

குலுக்கலைக் குறைக்கத்தான் அவர் முயன்றார். ஆனால் அதைவிடப் பெரிய சங்கதி கண்ணில் பட்டுவிட்டது. காற்றுச் சக்கரம் மெத்தென்று இருப்பதோடு, அதே தள்ளுக்கு அதிக தூரமும் ஓடுகிறது. ஏன் அப்படி? கெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஏறித் துள்ளுகிறது. துள்ளும்போதெல்லாம் வேகத்தில் ஒரு பங்கு வீணாகிறது. காற்றுச் சக்கரமோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடுகிறது.

மகனின் சைக்கிளில் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் இப்படி டயர் போட்டுக் கொடுத்தார். பையன் இரவு நேரத்தில் ஓட்டிப் பார்த்தான். மறுநாள் காலையில் அப்பா டயரைச் சோதித்தார். ஒரு கீறல்கூட இல்லை. 1888-ல் தமது கண்டுபிடிப்புக்குப் பேட்டண்ட் உரிமை வாங்கினார்.

சிரித்தவர்கள் வாயடைத்தார்கள்

பருமனான அந்த டயரைப் பார்த்து ஊர் சிரித்தது. அதை வாங்க ஒருவர் துணிந்தார். அவர் பெயர் வில்லி ஹியூம். பெல்பாஸ்ட் சைக்கிள் சங்கம் ஒன்றின் தலைவர். 1889-ம் ஆண்டு மே 18-ந் தேதி பெல்பாஸ்டில் நடந்த பந்தயத்துக்குக் காற்று டயர் பூட்டிய சைக்கிளோடு வந்தார். நான்கு பந்தயங்களில் ஓடினார். நான்கிலும் ஜெயித்தார். சிறிது காலத்தில் லிவர்பூலுக்குப் போய் அங்கேயும் பரிசுகளை அள்ளினார்.

தோற்றவர்களில் டூ குரோ என்ற டப்ளின் வியாபாரியின் பிள்ளைகளும் உண்டு. அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. வியாபாரியின் மூளை வேறு விதமாக வேலை செய்தது. அந்த டயர் யாருடையது என்று விசாரித்தார். டன்லப்பைச் சந்தித்தார். 1889-ல் கம்பெனி தொடங்கிவிட்டது. டன்லப் தமது உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் பணமும் பங்குகளும் பெற்றுக்கொண்டார்.

இடி விழுந்தது

1890-ல் ஒரு செய்தி வந்தது. டன்லப்பின் பேட்டண்ட் செல்லாது!

அவருக்கு 40 வருஷத்துக்கு முன்பே இன்னொருவர் இதைச் செய்திருந்தார். அவரும் ஸ்காட்லாந்துக்காரர். ராபர்ட் தாம்சன் என்று பெயர். 1845-ல், 23 வயதிலேயே, காற்றடைத்த சக்கரத்துக்குப் பேட்டண்ட் வாங்கியவர். லண்டன் ரீஜன்ட் பூங்காவில் குதிரை வண்டிகளில் பூட்டி ஓட்டியும் காட்டினார். ஆனால் அப்போது சைக்கிள் பெருகவில்லை, மோட்டார் பிறக்கவே இல்லை. ரப்பரோ விலை அதிகம். வாங்க ஆள் இல்லை. ஊர் மறந்துவிட்டது. தாம்சனும் 1873-ல் இறந்துவிட்டார். டன்லப் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யவில்லை. ஆனாலும் சட்டம் முதலில் வந்தவரைத்தான் பார்க்கும்.

கம்பெனி மூழ்கியிருக்க வேண்டும். மூழ்கவில்லை. டூ குரோ கெட்டிக்காரர். டன்லப்பின் டயரில் ஒரு பெரிய குறை இருந்தது. அதைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் ஆனால் உரித்து எடுப்பதே ஒரு நாள் வேலை. டயரைக் கழற்றி மாட்டும் வழிகளை வெல்ச், பார்ட்லட் என்ற இருவர் 1890-ல் தனித்தனியே கண்டுபிடித்திருந்தார்கள். அவர்களின் உரிமைகளைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. இன்று நம் கடைக்காரர் கம்பியை விட்டு நெம்பி ஐந்து நிமிஷத்தில் டயரைக் கழற்றுகிறாரே, அதன் தொடக்கம் அங்கேதான்.

பிரான்சில் மிஷலின் சகோதரர்களும் பஞ்சரான ஒரு டன்லப் டயரோடு மல்லுக்கட்டிய பிறகே கழற்றும் டயரில் இறங்கினார்கள். 1895-ல் பாரிசில் இருந்து போர்டோவுக்குப் போய்த் திரும்பும் மோட்டார் பந்தயத்தில், காற்று டயர் போட்ட கார் ஒன்றை அவர்களே ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் காரும் காற்றில் ஓடும் என்று உலகம் தெரிந்துகொண்டது.

அதே 1895-ல்தான் டன்லப் கம்பெனியை விட்டு விலகினார். மறு வருஷம், 1896-ல், அந்தக் கம்பெனியை ஒரு பணக்காரர் 30 லட்சம் பவுனுக்கு வாங்கி, 50 லட்சம் பவுனுக்குப் பங்கு விற்றார்! கம்பெனி டன்லப்பின் பெயரைத் தாங்கியது. லாபம் வேறு பைகளுக்குப் போயிற்று. டன்லப் டப்ளினில் ஒரு ஜவுளிக்கடையில் பங்கு வைத்துக்கொண்டு அமைதியாகக் காலம் கழித்தார். ஏமாந்தார் என்று சொல்வதா, வியாபாரம் அவருக்கு ஒத்துவரவில்லை என்று சொல்வதா? இரண்டாவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்மவர் வியர்வை

டயர் பெருகியதும் உலகம் ரப்பருக்குப் பறந்தது. 1876-ல் பிரேசிலில் இருந்து லண்டனுக்கு வந்த ரப்பர் விதைகளின் கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே காடுகள் தோட்டங்களாயின. பால் மரம் வெட்டக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டுக் கிராமத்து ஏழைகள். விடியுமுன் எழுந்து, மரத்தைக் கீறி, வாளியில் பால் சேர்த்தவர்கள் அவர்கள். பெல்பாஸ்ட் முற்றத்தில் உருண்ட சக்கரம் அவர்கள் வாழ்க்கையையும் உருட்டிக்கொண்டு போயிற்று.

பிற்காலத்தில் நம் ஊருக்கும் டயர் வண்டி வந்தது. மாட்டு வண்டியில் இரும்புப் பட்டைச் சக்கரத்தை எடுத்துவிட்டுக் காற்று டயர் பூட்டினார்கள். அதே பாரத்தை மாடு சுலபமாக இழுத்தது. மாட்டு வைத்தியர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

காற்றுதான் சுமக்கிறது

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல. உள்ளே அடைத்த காற்றுதான். காற்று குறைந்தால் டயரின் பக்கங்கள் சுழலுக்குச் சுழல் மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடு ஏறும். கோடை வெயிலில், நிறைந்த பாரத்தோடு, வேகமாகப் போகும்போது டயர் வெடிப்பது பெரும்பாலும் இதனால்தான். காற்று அதிகமானாலும் ஆபத்து. டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொட்டுத் தேயும், பிடிப்பு குறையும்.

ஆகவே காலையில், வண்டி ஓடி டயர் சூடாகுமுன், காற்றைப் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது கார்க் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்ற வேண்டும். மழையில் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது அந்தப் பள்ளங்களே. ஸ்டெப்னியையும் மறக்கக்கூடாது. தேவைப்படும் நாளில்தான் அதில் காற்று இல்லை என்பது பலருக்குத் தெரியவருகிறது!

டன்லப்புக்குச் சொந்தமாக மோட்டார் மோகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் தம் பெயரைத் தாங்கிய டயர்கள் ரோடெங்கும் ஓடுவதைக் கண்ணால் பார்த்தார். தம் கண்டுபிடிப்பின் கதையை எழுதியும் வைத்தார். அவர் மறைந்த பிறகு அதை மகள் புத்தகமாக வெளியிட்டாள்.

1921-ம் ஆண்டு அக்டோபர் மாதம், நோஞ்சான் என்று தம்மை நம்பியிருந்த அந்த மனிதருக்குச் சளி பிடித்தது. 23-ந் தேதி டப்ளினில் காலமானார். அப்போது வயது 81.