தான் செய்த டெலஸ்கோப்பை பார்க்காமலே போனார்!

ஆம்பூர் தோல் ஷாப்புகளைத் தாண்டி, வாணியம்பாடியில் பஸ் மாறி, ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலைக்குப் போனால் காவலூர். அந்தக் காட்டுக்குள் வானத்தை அளக்க கூடம் கட்டியவர் வைணு பாப்பு.

1927-ல் சென்னையில் பிறந்தவர். அமெரிக்காவில் ஹார்வர்டில் படித்தபோதே, 1949-ல் புது வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். நட்சத்திர ஒளியில் தெரியும் கால்சியம் கோட்டின் அகலத்தை அளந்தால், அதன் நிஜ பிரகாசம் தெரியும்; தூரத்தை கணக்குப் போடலாம். வில்சன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து 1957-ல் இதை உலகுக்குச் சொன்னார்.

1960-ல் கொடைக்கானல் ஆய்வுக்கூட டைரக்டர் ஆனார். அங்கே மேகமூட்டம் தொல்லை. தெளிந்த ராத்திரி தேடி அலைந்தவர் கண்ணில் பட்டது காவலூர். 1968-ல் 38 செ.மீ. டெலஸ்கோப்புடன் வேலை ஆரம்பம். 1972-ல் 1 மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977-ல் யுரேனஸ் கிரகத்தின் வளையத்தை அதுவும் பிடித்துக் காட்டியது.

பாப்பு அத்தோடு விடவில்லை. பால்வீதிக்கு வெளியே இருக்கும் நட்சத்திர மண்டலங்கள் மங்கலானவை. அவற்றை அளக்க பெரிய கண்ணாடி வேண்டும். 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை உள்நாட்டிலேயே செய்ய இறங்கினார். கண்ணாடியை பெங்களூரில் இழைத்தார்கள்.

வேலை முடியும் முன்பே, 1982 ஆகஸ்டு 19-ந் தேதி ஜெர்மனியின் மியூனிக் நகரில், இருதய ஆபரேஷனுக்குப் பின் காலமானார். வயது 55.

1986-ல் பிரதமர் ராஜீவ்காந்தி டெலஸ்கோப்பை திறந்து, பாப்பு பெயரையே சூட்டினார். பக்கத்து மண்டலங்களின் பிரகாசத்தையும் வடிவத்தையும் அதில் அளந்தார்கள். எட்டிப் பார்க்கத்தான் அவர் இல்லை!