செக்கும் செய்யுளும்

வ. உ. சிதம்பரம் பிள்ளையைக் கப்பலோட்டிய தமிழன் என்றும் செக்கிழுத்த செம்மல் என்றும் தமிழகம் போற்றுகிறது. இவ்விரு பெருமைகளின் ஒளியில் சற்றே மறைந்து நிற்பவர் புலவர் சிதம்பரனார். அப்புலவரின் வாழ்வில் சிறைச்சாலைக்குப் பெரும் பங்கு உண்டு.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஓட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாகப் பிறந்தார். கோவை மத்திய சிறைச்சாலை எழுந்ததும் அதே 1872ஆம் ஆண்டில்தான். வழக்கறிஞராகப் பெயர் பெற்ற அவர் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். மறு ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்கு அவர் துணை நின்றார். ஆங்கில அரசு பொறுக்கவில்லை. அவ்வாண்டு மார்ச் 12இல் சுப்பிரமணிய சிவாவுடன் கைது செய்யப்பட்டார். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அச்செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டுகளாகக் குறைந்தது.

கோவைச் சிறையில் முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தில் அவரை நிறுத்தினர். எழுதுகோல் பிடித்துப் பழகிய கையின் தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர், மாடிழுக்க வேண்டிய செக்கில் அவரைப் பூட்டினர். உடல் நலிந்த அந்நாள்களிலும் உள்ளத்தைத் தமிழில் ஊன்றிக்கொண்டார். நண்பர்களை எண்ணி அங்கே அவர் பாடிய பாக்கள் பின்னாளில் 'பாடற்றிரட்டு' நூலில் இடம்பெற்றன. ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கும் பணியும் சிறையிலேயே தொடங்கியது. 'மனம்போல வாழ்வு', 'அகமே புறம்' ஆகியவை அவ்வாறு கிடைத்தவை. உடல் பிறர் ஆணைக்கு உட்பட்டிருந்தபோது, மனத்தை ஆளும் வழி கூறும் நூல்களை அவர் தேர்ந்தது இயல்பே.

1910இல் அவர் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். 1869இல் அமைந்த அச்சிறையில், உடனிருந்த கைதிகளுக்கு நீதி நூல்களைக் கற்பித்தார். அவர்களுக்கு எளிதில் விளங்குமாறு தாமே ஒரு நூல் செய்தார். அதுவே 'மெய்யறம்'. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து பகுதிகள், 125 அதிகாரங்கள், அதிகாரந்தோறும் பத்து அடிகள். வள்ளுவர் ஈரடியில் வகுத்ததை இவர் ஓரடிக்குச் சுருக்கினார். கற்பனை நயம் தேடுவோர்க்கு அந்நூல் வறண்டதாகத் தோன்றலாம். அணியும் உவமையும் அதில் அரிது. ஆயினும், ஒருமுறை கேட்டவன் மனத்தில் இருத்தி, வேலைக்களத்தில் தனக்குள் சொல்லிக்கொள்ள ஏற்ற அளவு அவ்வடிகளுக்கு உண்டு. உலகம் குற்றவாளிகள் என ஒதுக்கியவர்களைக் கல்விக்கு உரிய மாணாக்கராக அந்நூல் மதித்தது. அதன் சிறப்பு அங்கே உள்ளது.

1912 டிசம்பரில் விடுதலையானார். பெரும் கூட்டம் எதுவும் அவரை எதிர்கொள்ளத் திரளவில்லை. சிறையில் பெற்ற தொழுநோயுடன் சிவா வந்திருந்தார். கப்பல் கம்பெனி 1911லேயே கலைந்துவிட்டது. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறுகடை நடத்தியும் வறுமை நீங்கவில்லை. அந்நிலையிலும் 1914இல் மெய்யறத்தையும், 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் இயற்றிய உரையையும் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணத்தையும் அச்சேற்றினார். வழக்கறிஞர் உரிமையை மீட்டுத்தந்த நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். தண்டித்த ஆட்சியைச் சேர்ந்தவர் என்பதற்காக ஒருவரது நன்மையை மறக்க அவர் மனம் இசையவில்லை.

1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் மறைந்தார். சிறைத் துயர்களையும் அடக்கி அகவற்பாவில் அவர் எழுதிய தன் வரலாறு, அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1946இல் நூலாயிற்று. அவர் இழுத்த செக்கு இன்று நினைவுச் சின்னம், காண்போர் கைகூப்புகின்றனர். மெய்யறத்திற்கு அத்தனை பேர் வாய்க்கவில்லை. செக்கு, பகைவர் அவருக்குத் தந்தது. மெய்யறம், அவர் நமக்குத் தந்தது.